பழைய வண்டிக்குப் புகைச் சான்றும் பதிவுப் புதுப்பிப்பும் தடைபடும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என எல்லையை ஒட்டியுள்ள ஊர்களில் பழைய வண்டிகளுக்குக் குறைவில்லை. பொள்ளாச்சியில் வாங்கி இங்கே ஓடும் மொபெட், கோயம்புத்தூர் எண்ணுடன் நிற்கும் மாருதி 800, நெல்லியாம்பதி மலை ஏறும் டீசல் ஜீப், விடியுமுன் கள் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பும் பிக்கப் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு நாள் புகைச் சோதனை நிலையத்திலோ வாகன ஆய்வாளர் முன்னிலையிலோ தடை விழுகிறது. தடை விழுந்ததும் ஆளைப் பிடித்துச் சீட்டு வாங்கிவிடலாம் என்று அலைபவர்களே அதிகம். அந்தத் தடை எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பார்ப்பதுதான் முறை. என்ஜின் கோளாறு பட்டறையில் தீரும். கணினிப் பதிவில் உள்ள கோளாறு வண்டியைக் கடைசியாகப் பதிவு செய்த அலுவலகத்தில் தீரும். உரிமை, முகவரி, மாநிலம் தொடர்பான காகிதக் கோளாறு படிவங்களால் தீரும். ஒன்றைத் தீர்க்கும் இடத்தில் மற்றொன்றைத் தீர்க்கப் போவதால்தான் பணமும் நாளும் கரைகின்றன.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்.சி. எனும் பதிவுச் சான்று, கடைசிப் புகைச் சான்று, வரி ரசீது, காப்பீடு ஆகியவற்றோடு, சோதனையில் தோற்றிருந்தால் அந்த நிராகரிப்புச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். 2021-இல் நாடு முழுவதற்கும் ஒரே வடிவிலான புகைச் சான்று வந்தபோதுதான் இந்த நிராகரிப்புச் சீட்டும் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. எதனால் தோற்றது என்பது அதில் அச்சாகியிருக்கும்; அதைக் காட்டிப் பட்டறையில் வேலை பார்க்கலாம், நிலையத்தின் கருவியில்தான் கோளாறு என்று தோன்றினால் வேறு நிலையத்தில் மறுசோதனைக்கும் கொண்டு போகலாம். "ஃபெயில் ஆயிடுச்சு, அடுத்த வாரம் வாங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையில் வந்த அளவு தெரியாமல் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருப்புவதில் பயனில்லை.

அடுத்து, வண்டி தயாரான மாதத்தையும் ஆண்டையும் ஆர்.சி.யில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிக்கான புகை வரம்பு, அது பதிவான தேதியை வைத்து அல்ல, தயாரான தேதியை வைத்தே முடிவாகிறது. 2000 மார்ச் 31 வரை தயாரான பெட்ரோல் இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கு, என்ஜின் மெதுவாக நின்று ஓடும் நிலையில், கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 9000 பி.பி.எம்.மும் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) உச்ச வரம்பு. அதற்குப் பின் வந்த பழைய தலைமுறை வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் டூ ஸ்ட்ரோக்குக்கு 6000, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 4500. கார்களில் பி.எஸ். 2-க்கு (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ் என்ற மாசுத் தரநிலை) முந்தையவற்றுக்கு 3 சதவீதமும் 1500 பி.பி.எம்.மும், பி.எஸ். 2, பி.எஸ். 3 கார்களுக்கு 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும், பி.எஸ். 4 கார்களுக்கு 0.3 சதவீதமும் 200 பி.பி.எம்.மும் வரம்பு. டீசல் வண்டிகளில் பி.எஸ். 4-க்கு முந்தையவற்றின் புகை அடர்த்தி மீட்டருக்கு 2.45-ஐத் தாண்டக் கூடாது. பழைய கணக்கில் அது 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பி.எஸ். 4 டீசலுக்கு இது 1.62.

அறிகுறி: கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தாண்டியது, ஹைட்ரோகார்பன் சரியாக இருக்கிறது

பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்பதே இதன் பொருள். கார்புரேட்டர் வண்டிகளில் இதுவே மிகச் சாதாரணமான தோல்வி, செலவும் குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நம் கிழக்குப் பக்கத்து வறண்ட கரிசல் காட்டுத் தூசியை வாரிக்கொண்டு வருவதால், ஃபில்டர் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே இங்கே அடைந்துவிடுகிறது. காகித ஃபில்டரைத் தட்டிப் போட்டு மீண்டும் மாட்டுவது வீண். புதிதாக மாற்றுவதே சரி. ஸ்பாஞ்ச் வகையாக இருந்தால் கழுவி, நன்றாகக் காய வைத்து, லேசாக எண்ணெய் தொட்டு மாட்டலாம்.

அதன்பின் சோக் முழுமையாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் சோக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருக்கும். டாஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருந்தாலும் கார்புரேட்டரில் தகடு மூடியே இருக்கும். அதுவும் சரியென்றால் மிதவை மட்டமும் ஜெட்டும் பார்க்க வேண்டும். பித்தளை ஜெட்டின் துளை பல ஆண்டுகளில் தேய்ந்து பெரிதாகிவிடும், கம்பியால் குத்திச் சுத்தம் செய்யும் பழக்கத்தால் இன்னும் பெரிதாகிவிடும். அப்படிப்பட்ட ஜெட்டை வைத்துக்கொண்டு மிக்ஸர் ஸ்குரூவால் மட்டும் சரி செய்ய முயன்றால், சோதனை நேரத்தில் எண் இறங்கும், சாலையில் வண்டி இழுக்காது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சோதனைக்கு முன் ஸ்குரூவை இறுக்கி எண்ணைக் குறைத்து, சான்று வாங்கியபின் வெளியே வந்து பழைய நிலைக்குத் திருப்புவது பல பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அதனால் சான்று கிடைக்கும். ஆனால் அதிகமாக எரியும் பெட்ரோலுக்கு ஆறு மாதமும் நாம்தான் பணம் கொடுக்கிறோம், அந்தப் புகையை நம் வாசலில் நிற்கும் குழந்தைதான் சுவாசிக்கிறது. மெக்கானிக் அப்படிச் செய்ய முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லி, ஜெட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறுகிறது

எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வருகிறது. பிளக், பிளக் வயர், பாயிண்ட் உள்ள வண்டியானால் பாயிண்டின் இடைவெளி, கண்டன்சர், டைமிங் என்ற வரிசையில் பாருங்கள். பிளக்கைக் கழற்றியவுடன் அதன் முனை பாதிக் கதையைச் சொல்லிவிடும்: உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது, வெள்ளையாக வெந்திருந்தால் காற்று அதிகம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் டேப்பெட் இடைவெளி குறைந்து வால்வ் முழுதாக மூடாமல் போனாலும் இதே எண்தான் வரும். சுருதி மாறாமல் ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் கம்பிரஷன் பார்த்துவிடுவது நல்லது.

காற்று அதிகமாகி, பற்ற வேண்டிய கலவை பற்றாமல் போவதாலும் ஹைட்ரோகார்பன் ஏறும். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு இருந்தால் இப்படி ஆகும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை சற்று மெலிகிறது, அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் விரைவில் கெடுகின்றன. 20 ஆண்டு வண்டிக்குப் பெட்ரோல் குழாய்களை ஒருமுறை முழுதாக மாற்றிவிடும்படி நான் சொல்வேன்.

அறிகுறி: இரண்டும் சேர்ந்து தாண்டுகின்றன

வண்டி சூடாகாமல் சோதனைக்குப் போயிருக்கிறது என்பதையே முதலில் சந்தேகியுங்கள். வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே நிலையம் இருப்பது இந்த விஷயத்தில் வசதியல்ல. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, என்ஜின் நன்கு சூடான பிறகு சோதிக்க வேண்டும். சூடான பிறகும் இரண்டும் தாண்டினால், பெட்ரோல் மிக அதிகமாகி பிளக் நனைகிறது. கார்பன் மோனாக்சைடுக்குச் சொன்ன வேலைகளிலிருந்தே தொடங்குங்கள்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் இரண்டும் தாண்டினால் ஆக்சிஜன் சென்சாரும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பார்க்கப்பட வேண்டியவை. பழைய கன்வெர்ட்டரை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெற்றுக் குழாயாக மாட்டியிருக்கும் கார்கள் பழைய கார்ச் சந்தையில் உண்டு. அத்தகைய காரில் எந்த டியூனிங்காலும் 0.5 சதவீத வரம்புக்குள் நிலையாக நிற்க முடியாது.

அறிகுறி: எண்கள் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்து வருகின்றன, அல்லது கருவி ஏற்கவில்லை

சைலன்ஸரில் ஓட்டை. சோதனைக் குழாயைக் குறைந்தது 30 சென்டிமீட்டர் உள்ளே விட வேண்டும். துருப்பிடித்த சைலன்ஸரில் வெளிக்காற்று கலந்தால் அளவு பொய்யாகிவிடும். ஈரத் துணியால் புகைக்குழாய் வாயை ஒரு கணம் அழுத்திப் பிடித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் 'புஸ்' என்று சத்தம் கேட்கும். வெல்டிங் வைத்து அடைத்தபின் மறுபடி சோதியுங்கள்.

அறிகுறி: டூ ஸ்ட்ரோக் வண்டி, நீலப் புகை

எண்ணெய் அதிகம் ஊற்றினால் என்ஜின் நீண்ட நாள் உழைக்கும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தைத் தாண்டிய எண்ணெய் எரியாமல் சைலன்ஸரில் கரியாகப் படிகிறது. படிந்த கரி புகையை வெளியே விடாமல் பின்னுக்குத் தள்ளுகிறது. அதனால் இன்னும் மோசமாக எரிகிறது. டூ ஸ்ட்ரோக்குக்கென்றே உள்ள டூ டி (2T) எண்ணெயைத் தவிர வேறெதையும், குறிப்பாக மிச்சமிருக்கும் என்ஜின் ஆயிலை, கலக்கவே கூடாது. சைலன்ஸரின் உள்குழாயைக் கழற்றிக் கரியை நீக்கிவிட்டு, சரியான விகிதத்தில் ஒரு டேங்க் ஓட்டித் தீர்த்தபிறகு சோதனைக்குப் போங்கள். கழுவிய அன்றே போனால் உள்ளே மிஞ்சியிருக்கும் எண்ணெய் சோதனை அளவைக் கெடுக்கும்.

அறிகுறி: டீசல் வண்டியில் கரும்புகை

டீசல் சோதனையில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி, என்ஜினை அதன் உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய் விடுவிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுக்கிறார்கள். பழைய என்ஜினுக்கு இது கடுமையான வேலை. ஆயில் அளவு, டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் பெல்ட்டின் வயது, தண்ணீர் ஆகிய மூன்றையும் பார்க்காமல் சோதனைக்கு நிறுத்தவே கூடாது.

கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் டைமிங் என்பதே வரிசை. நாசில் தெளிக்காமல் சொட்டினால் டீசல் துளி முழுதாக எரியாது. நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் அழுத்தமும் தெளிப்பும் பார்க்கச் சொல்ல வேண்டும். பம்பிலுள்ள ஸ்குரூவைத் திருகி டீசலைக் குறைத்துவிட்டால் சோதனையில் தேறும் என்பது உண்மைதான். ஆனால் போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி வளைவுகளில் ஆளோடு ஏறும் ஜீப்புக்கு அது ஆபத்தான குறுக்குவழி. இழுவை இல்லாமல் கொண்டையூசி வளைவில் நின்றுபோகும் வண்டி பின்னால் வருபவருக்கும் ஆபத்து. நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பின்னும் நிற்காவிட்டால் டைமிங்கையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நாசில் வேலை மட்டும் போதாது.

அறிகுறி: வண்டி சரி, கணினி ஏற்கவில்லை

புகைச் சான்று இப்போது 'வாகன்' எனும் நாடு தழுவிய வண்டிப் பதிவுத் தரவுத்தளத்தோடு இணைந்தே வருவதால், வண்டியின் விவரம் அங்கே இல்லையென்றால் சோதனையே தொடங்காது. கணினிமயமாவதற்கு முன் கையெழுத்தில் எழுதிய ஆர்.சி. உள்ள வண்டிகளுக்கும், 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து வரிசை எண் கொண்டவற்றுக்கும் இது அடிக்கடி நேர்கிறது. புகை நிலையத்துக்காரர் இதில் எதுவும் செய்ய இயலாது. எந்த அலுவலகம் கடைசியாகப் பதிவு செய்ததோ அங்கே அசல் ஆர்.சி.யோடு விண்ணப்பித்து, பழைய பதிவேட்டிலிருந்து விவரத்தைக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் இதை பேக்லாக் என்ட்ரி என்பார்கள். ஏற்றியபின் சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணும் என்ஜின் எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்து விழுந்திருந்தால், அது பதிவுப் புதுப்பிப்பின்போது மீண்டும் தடையாக வரும்.

ஓ.டி.பி. வேறு யாருடைய கைபேசிக்கோ போகிறது என்றால், முன்னாள் உரிமையாளரின் எண் பதிவில் இருக்கிறது. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கைபேசி எண்ணை மாற்ற ஆர்.சி. விவரங்கள் போதுமானவையாக இருக்கலாம், ஆனால் ஆர்.சி.யே அவர் பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம்தான். படிவம் 29, 30 இரண்டும் வேண்டும்; 30-இல் விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசு 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும்.

வரம்பே தவறாகத் தெரிவதும் உண்டு. 2003-இல் தயாரான காரைக் கணினி பி.எஸ். 3 என்று காட்டினால், 3 சதவீதத்துக்குள் நிற்கும் கார் 0.5 சதவீத வரம்பில் தோற்கும். ஆர்.சி.யிலுள்ள தயாரிப்பு மாதத்தைக் காட்டிப் பதிவு அலுவலகத்தில் திருத்துவதே வழி. எல்.பி.ஜி.க்கு மாற்றிவிட்டு ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே விட்டிருப்பவர்கள் அந்த மாற்றத்தை முதலில் ஆர்.சி.யில் பதிய வைக்க வேண்டும்.

அறிகுறி: "15 வருஷம் ஆயிடுச்சு, இனி ஓட்டக்கூடாது" என்கிறார்கள்

இது தவறு. 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற கட்டுப்பாடு டெல்லி தலைநகரப் பகுதிக்கு வந்த உத்தரவு. அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டுக்குமேல் புதுப்பிப்பு இல்லை என்பது மற்றொரு விதி. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தனியார் சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆய்வுக்கு நிறுத்தி, தகுதியிருந்தால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். அது முடிந்ததும் மறுபடியும் புதுப்பிக்கலாம். இந்தத் தவறான பேச்சைக் கேட்டு, ஓடக்கூடிய வண்டியை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வருந்துபவர்கள் உண்டு என்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

விண்ணப்பம் படிவம் 25. காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்புக் கட்டணம் மோட்டார் சைக்கிளுக்கு 1000 ரூபாய், மூன்றுசக்கர வண்டிக்கு 2500, காருக்கு 5000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கையின்படி 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இவை முறையே 2000, 5000, 10,000 ஆயின. தாமதித்தால் மாதத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 300, மற்றவற்றுக்கு 500 கூடும். கேரளத்தில் இதற்கு மேல் ஐந்தாண்டு வரியும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் அது இருசக்கர வண்டிக்கு 1350 ரூபாய்; 750 முதல் 1500 கிலோ வரை எடையுள்ள காருக்கு 12,900 ரூபாய். பசுமை வரி இதிலிருந்து தனி. எனவே 20 ஆண்டு கடந்த காருக்கு முதலில் இந்தத் தொகைகளைக் கூட்டிப் பாருங்கள். அதன்பின் பெயிண்ட் வேலைக்குப் பணம் ஒதுக்குங்கள்.

காலாவதியான ஆர்.சி.யோடு சாலையில் ஓடுவது பதிவில்லாத வண்டியை ஓட்டியதாகவே கொள்ளப்படும். முதல் முறைக்கே அபராதம் 5000 ரூபாய் வரை போகும். புகைச் சான்று இல்லாமல் ஓடினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்கு நிற்கும்.

விண்ணப்பம் தளத்திலேயே நகரவில்லையென்றால் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். சாலையோரக் கேமராவில் விழுந்த பழைய அபராதம், முடிந்துபோன கடனின் ரத்தாகாத ஹைப்பாத்திகேஷன் (ஆர்.சி.யிலுள்ள கடன் அடமானக் குறிப்பு) இரண்டும் வண்டியைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கும். கடன் முடிந்தது என்ற கடிதத்தோடு படிவம் 35 கொடுத்தால் இரண்டாவது தீரும்.

அறிகுறி: ஆய்வில் சேசிஸ் எண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்

விளக்கு, ஹாரன், டயர், பிரேக், கண்ணாடி, நம்பர் பிளேட் ஆகியவற்றுக்காகத் திருப்பி அனுப்பினால் அன்றே சரி செய்துவிடலாம். சேசிஸ் எண் அப்படியல்ல. துருவின் அடியில் எண் மறைந்திருந்தால் எமரித் தாளால் தேய்க்கவே கூடாது. தேய்த்த தடம் தெரிந்தால் எண்ணை மாற்றியதாகச் சந்தேகம் வரும், அழுந்திய எழுத்தும் மழுங்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எண் இருக்கும் இடத்தில் சற்று நேரம் ஒட்ட வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் ஒரே திசையில் மெதுவாகத் துலக்குங்கள். ஈரம் முழுதும் காய்ந்த பின் மெல்லிய வெள்ளைத் தாளை இறுக்கமாக ஒட்டி, தச்சர் பயன்படுத்தும் தட்டைப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எண் கறுப்பில் வெள்ளையாக எழும். அந்தத் தாளின் மேல் கண்ணாடி டேப் ஒட்டி வைத்தால் அழியாது. மாநிலம் மாறும்போது தடையில்லாச் சான்று கேட்கும் படிவம் 28-க்கும் இதே பென்சில் பிரிண்ட் தேவைப்படும் என்பதால், ஒருமுறை எடுக்கும்போதே சில பிரதிகள் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் கிரீஸ் தடவி மூடிவிடுங்கள்.

அறிகுறி: தமிழ்நாட்டு எண், கேரள முகவரி

எல்லை ஊர்க்காரருக்கே உரிய சிக்கல் இது. தினமும் பொள்ளாச்சியிலிருந்து வந்து திரும்பும் வண்டிக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்பட்டால் அங்கே புதிய எண் பெற வேண்டும் என்கிறது. அதற்குமுன் 48-ஆம் பிரிவின்படி பழைய அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். புதிய எண்ணுக்குப் படிவம் 27. தடையில்லாச் சான்று கேட்டு 30 நாளுக்குள் தரப்படவோ எழுத்தில் மறுக்கப்படவோ இல்லையென்றால், அது தரப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே விண்ணப்பம் கொடுத்த தேதி தெரியும்படி ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வரக் கூடாது.

இதில் தவறு நேரும் இடம் காலம்தான். ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே தடையில்லாச் சான்றையும் புதிய எண்ணையும் முடித்துவிட்டால், 15 ஆண்டுப் புதுப்பிப்பைச் சித்தூரிலேயே செய்துகொள்ளலாம். ஆர்.சி. முடிந்தபின் தொடங்கினால், அந்த அலுவலகம் இதைக் கேட்கும், இந்த அலுவலகம் அதைக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே, சட்டப்படி சாலையில் ஓட்ட முடியாத வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஏற்கெனவே முடிந்துவிட்ட வண்டியானால், முதலில் பழைய அலுவலகத்திலேயே புதுப்பித்து, அதே வருகையில் தடையில்லாச் சான்றுக்கும் விண்ணப்பிப்பது அலைச்சலைக் குறைக்கும். புகைச் சான்றை மட்டும் எந்தப் பக்கமும் எடுக்கலாம். எந்த மாநிலத்தில் வாங்கினாலும் அது செல்லுபடியாகும் காலம்வரை இந்தியா முழுதும் செல்லும்.

கேரளத்தில் தரும் கடிதங்களை மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதியிலுள்ள அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது. படிவங்கள் எப்படியும் அச்சிட்ட வடிவில்தான் இருக்கும். ஆனால் தாமதத்துக்கான விளக்கம், பதிவுத் திருத்தக் கோரிக்கை, ஆய்வு முடிவுக்கு எதிரான மனு ஆகியவற்றை, தெரியாத மொழியில் பிறர் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்திடுவதைவிட, தனக்குப் புரிந்த மொழியில் தெளிவாக எழுதித் தருவது எவ்வளவோ மேல்.

அறிகுறி: வாடகை, சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) மறுக்கப்பட்டது

மஞ்சள் பலகை வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அந்தக் குறைகளை மட்டும் சரிசெய்து மறு ஆய்வுக்குப் போனால் போதும். கள், பால் ஏற்றும் வண்டிகளில் கசிந்த ஈரம் தளத்தையும் சேசிஸ் இணைப்புகளையும் அரித்திருப்பது அடிக்கடி காணும் குறை. மேலே தகடு அடித்து மறைக்காமல், அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகடு வைத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும்.

அறிகுறி: எவ்வளவு செய்தும் தேறவில்லை

முதலில் பதிவான நாளிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிதாக மாற்றப்படாமல் இருக்கும் இருசக்கர, நான்குசக்கர வண்டியானால், 2021-இல் வந்த விண்டேஜ் விதியின்கீழ் 20,000 ரூபாய் கட்டிப் பத்தாண்டுப் பதிவு பெறலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம், அன்றாட உபயோகத்துக்குக் கூடாது.

மற்ற வண்டிகளைப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டால், கணினியில் அந்த வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும். அதன் எண்ணை வேறொருவர் வேறொரு வண்டியில் மாட்டி ஓட்டினால் அபராதமும் வழக்கும் உங்கள் முகவரிக்கே வரும். சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வண்டி அழிந்தாலோ இனி ஓடவே முடியாத நிலைக்குப் போனாலோ 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். ரத்து உத்தரவின் நகலை வாங்கி, சில வாரம் கழித்துப் பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டு, ரத்து என்று காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.